இடமாறுதல் யாருக்குத் தண்டனை?

2022 நவம்பர் கடைசியில் ஈரோடு மாவட்டம் பெருந்துறைக்கு அருகே உள்ள பாலக்கரை என்ற ஊரின் பெயர் நாடு முழுக்கத் தெரிந்தது. டெங்கு காய்ச்சலில் கிடந்த சிறுவனிடம் கொசு எங்கே கடித்தது என்று அம்மா விசாரித்திருக்கிறார். பள்ளியில் கழிப்பறை கழுவும்போது கடித்தது என்று பையன் சொல்லியிருக்கிறான். அந்த ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பிளீச்சிங் பவுடரைக் கொடுத்துக் கழிப்பறைக்கு அனுப்பப்பட்டவர்கள் தலித் பிள்ளைகள் என்பது புகார். தலைமை ஆசிரியை பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிந்து சில நாட்களில் கைதும் செய்தார்கள்.

சஸ்பெண்ட், கைது. இரண்டும் தலைப்புச் செய்தி. அதற்குப் பிறகு நடப்பது எதுவும் செய்தியாவதில்லை. அதைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறோம். அந்த ஒரு வழக்கை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். நம் கேள்வி பொதுவானது: சாதியின் பெயரால் ஒரு பிள்ளையை இழிவுபடுத்தியது விசாரணையில் நிரூபணமான பிறகும், அதே நபர் இன்னொரு வகுப்பறைக்குள் சாக்பீஸோடு நுழைவதைத் தடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை.

வழக்கறிஞர் ஒருவர் தொழில் ஒழுங்கை மீறினால் 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-வது பிரிவின்படி பார் கவுன்சில் விசாரிக்கும். கண்டிக்கலாம், கொஞ்ச காலம் நிறுத்தி வைக்கலாம், பெயரையே பதிவேட்டிலிருந்து அடிக்கலாம். அடித்துவிட்டால் எந்த ஊர் நீதிமன்றத்திலும் கறுப்புக் கோட்டு போட முடியாது. மருத்துவருக்கு மருத்துவ கவுன்சில் பதிவு இருக்கிறது. அதுவும் இதே மாதிரிதான். ஆசிரியருக்கு அப்படி எதுவும் கிடையாது. 1993-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் பயிற்சிக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் கொடுக்கிறது, என்ன படித்திருக்க வேண்டும் என்று சொல்கிறது. தனித்தனி ஆசிரியரின் பெயரைப் பதிவு செய்து உரிமம் கொடுப்பது அதன் வேலையில் இல்லை. கொடுக்காத உரிமத்தை யார் எப்படிப் பறிப்பது?

அதனால் அரசுப் பள்ளி ஆசிரியர் மீது நடவடிக்கை என்றால் அது அவருடைய வேலையின் மீதான நடவடிக்கை மட்டுமே. பயிற்று உரிமை என்ற ஒன்றைச் சட்டம் கண்டுகொள்வதே இல்லை. மாணவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் கல்வி அலுவலகத்தில் இந்த எண்களைச் சொல்லியே நம்மைக் குழப்புவார்கள். தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கும் மேல்முறையீடும் விதிகளில் 17-வது விதி முக்கியமானது. 17-ஏ என்றால் சிறு தண்டனைக்கான மெமோ. கண்டனம், ஊதிய உயர்வை நிறுத்துவது, அவ்வளவுதான். 17-பி என்றால் பெருந்தண்டனைக்கானது. குற்றச்சாட்டுகளை எழுதிக் கொடுத்து, விசாரணை அதிகாரி வைத்து, சாட்சி கேட்டு, முடிவில் கட்டாய ஓய்வு, பணிநீக்கம், டிஸ்மிஸ் வரை போகலாம். 17-இ என்பது பணியிடை நீக்கம், அதாவது சஸ்பென்ஷன். விசாரணைக்கு இடைஞ்சல் வராமல் ஆளைத் தள்ளி வைக்கும் ஏற்பாடு இது. பிழைப்பூதியம் வரும், வேலை போகாது. ஆனால் ஊரில் சஸ்பெண்ட் என்ற சொல்லைக் கேட்டதும் நியாயம் கிடைத்துவிட்டது என்று கூட்டம் கலைந்துவிடுகிறது.

கலைந்த பிறகுதான் அலுவலகம் வேலை செய்யத் தொடங்குகிறது, அல்லது செய்யாமல் இருக்கத் தொடங்குகிறது. குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுக்காமல் மூன்று மாதத்துக்கு மேல் சஸ்பென்ஷனை நீட்டக் கூடாது என்று அஜய்குமார் சவுத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015-ல் சொன்னது. ஊழியர்களைக் காலவரையின்றித் தொங்கவிடக் கூடாது என்ற நல்ல நோக்கத்தில் வந்த தீர்ப்பு. அதையே வேறு மாதிரியும் பயன்படுத்தலாம். குறிப்பாணையை அனுப்பாமல் கோப்பை மேசை மாற்றிக்கொண்டே இருந்தால் போதும், மூன்று மாதத்தில் ஆள் திரும்ப வந்துவிடுவார். அதே பள்ளிக்கு வர முகம் இல்லை என்றால் வேறு பள்ளிக்கு.

இடமாறுதலுக்கு வருவோம். நாங்கள் வேலை செய்யும் ஒரு ஒன்றியத்தில் நான்காம் வகுப்பு ஆசிரியர் ஒருவர் காலனிப் பிள்ளைகளின் நோட்டைக் கையால் தொடமாட்டார். திருத்தியதும் ஸ்கேலால் தள்ளிவிடுவார். பிள்ளைகள் அதை ஒரு விளையாட்டு என்றே நினைத்திருந்தார்கள். வீட்டில் தங்கச்சியிடம் ஒரு பெண் குழந்தை அதே மாதிரி ஸ்கேலால் நோட்டைத் தள்ளி விளையாடியதைப் பார்த்துத்தான் பெற்றோருக்கு விஷயம் தெரிந்தது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தார்கள். வட்டாரக் கல்வி அலுவலர் வந்தார், எழுதி வாங்கினார், போனார். பத்து நாளில் ஆசிரியருக்கு உத்தரவு வந்தது: நிர்வாகக் காரணங்களுக்காக இடமாறுதல். புகார் பற்றி ஒரு சொல் இல்லை. பணிப்பதிவேட்டில் அது சாதாரண மாறுதல். போன இடம் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு தொடக்கப் பள்ளி. அங்கே படிக்கிற பிள்ளைகள் யார்? ஊர்த்தெருப் பிள்ளைகள் மெட்ரிக் பள்ளி வேனில் ஏறிப் போய்ப் பல வருடம் ஆகிறது. மிச்சம் இருப்பவர்கள் நம் பிள்ளைகள்.

இது அந்த ஒரு ஒன்றியத்தின் கதை மட்டும் இல்லை. கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். காசு உள்ளவர்கள் வெளியேறிய பிறகு அரசுப் பள்ளி யாருடைய பள்ளியாகிவிட்டது என்பது தெரியும். அப்படியிருக்க, சாதி வெறியுள்ள ஆசிரியரை எங்கே மாற்றினாலும் அவர் போய் நிற்பது தலித் பிள்ளைகள் முன்னால்தான். ஒரு சேரியின் கோபத்தை அடக்க இன்னொரு சேரிக்கு அனுப்பி வைக்கிறார்கள். புதிய பள்ளியின் பெற்றோருக்கு எதுவும் தெரியாது. தெரிவிக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

நீதிபதி கே. சந்துரு குழு மாறுதலைத்தானே பரிந்துரைத்தது என்று ஒரு ஆசிரியர் சங்கத் தோழர் எங்களிடம் கேட்டார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சக மாணவர்களே வீடு புகுந்து தலித் மாணவரையும் அவர் தங்கையையும் வெட்டிய கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட அந்த ஒருநபர் குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. ஆசிரியர்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், ஒரு பகுதியின் ஆதிக்க சாதியைச் சேர்ந்தவரையே அங்கே கல்வி அலுவலராகவும் தலைமை ஆசிரியராகவும் வைக்கக் கூடாது, பணிக்கு எடுக்கும்போதே சமூகநீதி பற்றிய மனப்பான்மையைப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. நாமும் வரவேற்றோம். ஆனால் அந்த மாறுதல், ஓரிடத்தில் வேர்விட்டுச் சாதிக் கூட்டு சேர்வதைத் தடுப்பதற்கானது, எல்லோருக்குமானது. குற்றம் செய்தவருக்கு அதையே தண்டனை என்று காட்டுவது வேறு விஷயம்.

சரி, குற்றவியல் சட்டம் இருக்கிறதே, வன்கொடுமை வழக்குப் போடலாமே என்பீர்கள். போட வேண்டும். போடாதே என்று சொல்கிற எந்தச் சமரசக்காரரையும் நம்பாதீர்கள். ஆனால் அதன் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். சாதி சொல்லி இழிவுபடுத்தும் குற்றத்துக்கு அது ‘பொதுமக்கள் பார்வையில்’ நடந்திருக்க வேண்டும். வகுப்பில் நாற்பது பிள்ளைகள் முன்னால் சொன்னால் வாதாடலாம். தலைமை ஆசிரியர் அறைக்குள் கூப்பிட்டுச் சொன்னால்? தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், வருவாய்த் துறை அலுவலகத்துக்குள் நடந்தது பொதுப்பார்வை ஆகாது என்று 2025 ஜனவரி இறுதியில் உச்ச நீதிமன்றம் வழக்கையே ரத்து செய்தது. அங்கே அவமானப்பட்டதாகச் சொன்னவர் ஒரு அரசு ஊழியர். எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்த வாதத்தை யார் நடத்துவது? சாட்சி சொல்ல வேண்டியவர்கள் அதே பள்ளியில் படிக்கும் பிள்ளைகள், அதே பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியர்கள். வழக்கு முடிவதற்குள் பிள்ளை பத்தாம் வகுப்பைத் தாண்டிவிடும். அப்புறம் சமரசம் பேச வருவார்கள்: “டீச்சரும் புள்ளகுட்டிக்காரங்கதானே, விட்டுருங்கம்மா.”

நோட்டை ஸ்கேலால் தள்ளியவரை ஜெயிலுக்கு அனுப்ப முடியுமா என்பது ஒரு கேள்வி. அவரிடம் பிள்ளையை ஒப்படைக்கலாமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாத சாட்சியம் வேண்டும். இரண்டாவதற்கு அவ்வளவு வேண்டியதில்லை. நம் ஊரில் இரண்டாவது கேள்வியைக் கேட்க ஒரு அமைப்பே இல்லாததால், முதல் கேள்வி தோற்றால் இரண்டாவதும் தோற்றதாகிவிடுகிறது.

பாலியல் குற்றத்தில் மட்டும் அரசு கொஞ்சம் முன்னே போயிருக்கிறது. பள்ளிக் கல்வித் துறையின் 2012-ஆம் ஆண்டு அரசாணை 121, மாணவியரிடம் அத்துமீறும் ஆசிரியர்களை வேலையிலிருந்து அனுப்புவதோடு அவர்களுடைய கல்விச் சான்றிதழ்களையும் ரத்து செய்யச் சொல்கிறது. சமீப ஆண்டுகளிலும் இதை அமலாக்குவோம் என்று அரசு அறிவித்தது. இங்கே இருந்து அனுப்பப்பட்டவர் அங்கே ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்துவிடக் கூடாது என்ற அறிவுதான் அந்த அரசாணைக்குப் பின்னால் இருப்பது. அந்த அறிவு சாதிக் கொடுமைக்கு மட்டும் ஏன் வரவில்லை? ஒரு பெண் குழந்தையின் உடம்புக்கு ஆபத்து என்றால் புரிகிற அரசுக்கு, ஒரு பிள்ளையைக் கழிப்பறைக்கே உரியவன் என்று சொல்லி வளர்ப்பது ஆபத்தாகத் தெரியவில்லை.

அந்த அரசாணையின் வழியிலும் எங்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. பி.எட். பட்டம் என்பது படித்ததற்கான சான்று. பல்கலைக்கழகம் கொடுத்தது. அவர் படித்தது பொய்யில்லை. அதைக் கிழிப்பதை நீதிமன்றத்தில் எதிர்த்தால் அரசு தடுமாறும் என்றே நினைக்கிறோம். பறிக்க வேண்டியது பட்டத்தை அல்ல, பாடம் நடத்தும் அனுமதியை. அதற்கு முதலில் அப்படி ஒரு அனுமதி இருக்க வேண்டும்.

இந்தியச் சட்டத்துக்கு இந்த மாதிரி யோசனை புதிதும் அல்ல. 2022-ல் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மிட்டாய் விற்க மறுத்து, ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லித் திருப்பி அனுப்பிய வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் உள்ளிட்டவர்கள் ஆறு மாதம் அந்த ஊருக்குள் நுழையக் கூடாது என்று சிறப்பு நீதிமன்றம் உத்தரவிட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 10-வது பிரிவு அந்த அதிகாரத்தைக் கொடுக்கிறது. மிட்டாய் மறுத்தவரை ஊரை விட்டே விலக்க முடிகிறது. எழுத்தை மறுத்தவரை வகுப்பறையிலிருந்து விலக்க வழியில்லை என்பது வேடிக்கைதான்.

இன்னொரு வேடிக்கை. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின்படி, ஓய்வு பெற ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கிற ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெறாவிட்டால் வேலையில் நீடிக்க முடியாது. இருபது வருடம் பாடம் நடத்தியவர்கூட 150 மதிப்பெண் தாளில் தவறினால் வெளியே. அவர்களில் நம் சமூகத்து ஆசிரியர்களும் இருக்கிறார்கள், அவர்களுடைய பதற்றம் நியாயமானது. நாங்கள் கவனிப்பது வேறொன்று. கணக்கிலும் உளவியலிலும் தகுதி இல்லை என்றால் ஆசிரியராக இருக்கக் கூடாது என்று இந்த நாட்டால் சொல்ல முடிகிறது. தீண்டாமையைக் கடைப்பிடிப்பவர் ஆசிரியராக இருக்கத் தகுதியற்றவர் என்று சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

வெளியில் எப்படி என்று பார்த்தால், இங்கிலாந்தில் இதற்கென்றே ஒரு முகமை இருக்கிறது. கடும் புகாரைக் குழு அமர்த்தி விசாரித்து, நிரூபணமானால் கற்பிக்கத் தடை விதிக்கிறார்கள். எந்தப் பள்ளியும் ஆளை எடுக்கும் முன் தடைப் பட்டியலைப் பார்க்கலாம். தீர்ப்பும் காரணமும் பொதுவில் வெளியாகும். உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு உண்டு. தடை காலவரையற்றது. ஆனால் மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்க அனுமதி கொடுக்கப்பட்டிருந்தால், குறைந்தது இரண்டு வருடம் கழித்துக் கேட்கலாம். அப்படியே இங்கே நட்டு வைக்கச் சொல்லவில்லை. பட்டியல், விசாரணை, மேல்முறையீடு என்ற மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருப்பதைத்தான் காட்டுகிறோம்.

இங்கே நிதானமாகப் பேச வேண்டிய ஒன்று இருக்கிறது. சமூக வலைத்தளத்தில் ‘சான்றிதழைப் பிடுங்கு’ என்று எழுதுவது எளிது. பிடுங்கும் அதிகாரம் யார் கையில் போகும்?

2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் பள்ளியில் சத்துணவுச் சமையலராக வந்த அருந்ததியர் பெண்ணுக்கு நடந்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிடமாட்டார்கள் என்று ஆதிக்க சாதியினர் பள்ளியை முற்றுகையிட்டார்கள். அவருக்கு உடனே இடமாறுதல் உத்தரவு போட்டது அரசு அலுவலகம். போராட்டம் வெடித்த பிறகுதான் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. நம் பிள்ளை புகார் கொடுத்தால் மாதக்கணக்கில் நகராத கோப்பு, நம் ஆள் மீது ஆதிக்க சாதி கை நீட்டினால் ஒரே நாளில் நகர்கிறது.

அந்த அலுவலகத்தின் கையில் உரிமத்தை ரத்து செய்யும் அதிகாரத்தையும் கொடுத்தால், முதலில் உரிமம் இழப்பவர் யார்? வகுப்பில் அம்பேத்கரைப் பற்றிப் பேசிய தலித் ஆசிரியராக இருக்கலாம். கையில் கட்டிய சாதிக் கயிற்றைக் கழற்றச் சொன்னவராக இருக்கலாம். தேர்த் திருவிழாவுக்கு நன்கொடை கொடுக்காத தலைமை ஆசிரியையாக இருக்கலாம். பொய்ப் புகாரில் சிக்கிய தலித் ஆசிரியர்களின் வீடுகளுக்கும் நாங்கள் போயிருக்கிறோம். ஆகவே ஆசிரியர் சங்கங்கள் எழுப்பும் அச்சத்தை நாங்கள் தள்ளிவிடவில்லை. விசாரிக்காமல், பதில் சொல்ல வாய்ப்புத் தராமல் அரசு ஊழியரை நீக்கக் கூடாது என்ற அரசியலமைப்பின் 311-வது பிரிவு நம் ஆட்களையும் காப்பாற்றியிருக்கிறது. சங்கங்களிடம் எங்களுக்கு உள்ள மனக்குறை வேறு: பழைய ஓய்வூதியத்துக்குத் தெருவில் இறங்குகிறவர்கள், வகுப்பறைத் தீண்டாமை என்று வந்தால் ‘சக ஊழியர்’ என்று வாயை மூடிக்கொள்கிறார்கள்.

எனவே நாம் கேட்பது பிடுங்கும் அதிகாரத்தை மட்டும் அல்ல. வட்டாரக் கல்வி அலுவலரும் முதன்மைக் கல்வி அலுவலரும் கைவைக்க முடியாத ஒரு மாநில ஆசிரியர் மன்றத்தைச் சட்டத்தால் அமைக்க வேண்டும். அரசு, உதவிபெறும், தனியார் என்று எல்லாப் பள்ளி ஆசிரியர்களும் அதில் பதிவு செய்ய வேண்டும். பதிவு இல்லாதவரை எந்தப் பள்ளியும் எடுக்கக் கூடாது. விசாரணைக் குழுவில் தலித், பழங்குடி உறுப்பினர்கள் இருந்தே ஆக வேண்டும், பெண்களும்தான். பிள்ளையின் சாட்சியத்தை ஆசிரியரின் முன்னால் நிறுத்தி வாங்கக் கூடாது. விசாரணை முடியக் கெடு வேண்டும். ஆசிரியருக்கு வழக்கறிஞர் வைத்துக்கொள்ளவும் மேல்முறையீடு செய்யவும் உரிமை வேண்டும். இதில் எதை விட்டாலும் பரவாயில்லை, முதல் இரண்டையும் விடக் கூடாது. ஏனென்றால் இன்று தனியார் பள்ளி நிர்வாகம் ‘நாங்கள் நீக்கிவிட்டோம்’ என்று ஒரு அறிக்கையோடு முடித்துக்கொள்கிறது. நீக்கப்பட்டவர் அடுத்த ஜூனில் எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரிவதில்லை.

எல்லாத் தவறுக்கும் ஒரே அளவுகோல் வைக்க முடியாது என்பதிலும் நாங்கள் தெளிவாக இருக்கிறோம். உதவித்தொகைக்குப் பெயர் எடுக்கும்போது “எஸ்.சி. எல்லாம் எழுந்திரிங்க” என்று சொல்லும் ஆசிரியர்கள் நிறையப் பேர். எழுந்து நின்ற அந்த ஒரு நிமிடத்தை நாற்பது வயதிலும் மறக்காதவர்கள் நம்மில் உண்டு. ஆனாலும் சொன்னவர் பெரும்பாலும் யோசிக்காமல் சொன்னவர். அவருக்குப் பயிற்சி போதும், மறுபடி செய்தால் மெமோ. தனியாக உட்கார வைப்பது, கழிப்பறைக்கு அனுப்புவது, செய்முறை மதிப்பெண்ணில் கைவைப்பது, “உனக்கெல்லாம் படிப்பு எதுக்கு” என்று நாள் தவறாமல் சொல்லிப் பள்ளியை விட்டே ஓட வைப்பது இவையெல்லாம் வேறு வகை. இவற்றில் ஒன்று நிரூபணமானாலும் அந்த ஆளுக்கு வகுப்பறை கூடாது. அலுவலகத்தில் கோப்புப் பார்க்கட்டும், சம்பளம் வாங்கட்டும், அதைப் பற்றிக்கூட நாங்கள் பெரிதாகச் சண்டை போடப் போவதில்லை. பிள்ளைகள் பக்கம் வரக் கூடாது.

சட்டம் வரும்வரை கையில் இருப்பதை வைத்து வேலை பார்ப்போம். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. மீறினால் பணி விதிகளின்படி நடவடிக்கை என்கிறது. ஆகவே மனு எழுதும்போது ‘உரிய நடவடிக்கை எடுக்கவும்’ என்று பொதுவாக முடிக்காதீர்கள். இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, 17-பி-யில் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுக்கக் கேளுங்கள். இடமாறுதல் மட்டும் போதாது என்று தனி வரியாக எழுதுங்கள். வன்கொடுமைப் புகாரைக் காவல் நிலையத்தில் தனியாகக் கொடுங்கள், ஒன்றுக்காக மற்றொன்றை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேலை. பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு போடலாம். உங்கள் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள்: கடந்த ஐந்து ஆண்டுகளில் ஆசிரியர்கள் மீது சாதிப் பாகுபாடு குறித்து எத்தனை புகார் வந்தது, எத்தனைக்கு 17-பி கொடுக்கப்பட்டது, எத்தனை பேர் வெறும் இடமாறுதலோடு விடப்பட்டார்கள், எந்தப் பள்ளிக்கு மாற்றப்பட்டார்கள். கடைசிக் கேள்விக்குத்தான் மழுப்புவார்கள், மேல்முறையீட்டுக்குத் தயாராக இருங்கள். வந்த பதிலை எங்களுக்கு அனுப்புங்கள். மாறுதலாகிப் போன பள்ளிகளின் ஊர்களுக்கு நேரில் போய்ப் பெற்றோரைப் பார்க்கலாம் என்றிருக்கிறோம்.